மாடியில் ஆறு கட்டில்

பிப்ரவரி 3

குளியலறை வாசலில் இன்றைக்கும் வரிசை. இவர் தோளில் துண்டும் கன்னத்தில் பாதி காய்ந்த சோப்பு நுரையுமாக ஐந்தாவது ஆளாக நின்றார். சபைக்குப் போதகர், தன் வீட்டுக் குளியலறைக்குத் தன் முறை வரக் காத்திருக்கிறார். மகள் முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். பதினைந்து வயதில் எங்கிருந்துதான் இவ்வளவு பெரிய பார்வை வருகிறதோ.

யோசித்துப் பார்த்தால் இதை யாரும் திட்டமிடவில்லை. எதிரே பெரிய ஆஸ்பத்திரி. புற்றுநோய்க்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்துக்கொள்ள வெளியூரிலிருந்து பெண்கள் வருகிறார்கள். மிஷினுக்கு அடியில் கொஞ்ச நேரம் படுத்து எழுந்தால் அன்றைய வேலை முடிந்தது. ஆனால் வாரக்கணக்கில் தினமும் வர வேண்டும். வார்டில் படுக்கை கொடுக்க மாட்டார்கள். போன மழைக்காலத்தில் யாரோ ஒருத்தி எங்கள் ஆலயத்து வராந்தாவில் ஒதுங்கிப் படுத்தாள். இவர் எழுப்பவில்லை. அவள் போய் இன்னொருத்தியிடம் சொன்னாள். இப்போது வராந்தாவில் ஒன்பது பேர், எங்கள் வீட்டில் ஒரே ஒரு குளியலறை.

சாப்பிடும்போது இவர் மெதுவாக ஆரம்பித்தார். ஆலயத்தை ஒட்டிச் சாமான் அறை இருக்கிறதே, அதன் மேல் ஒரு மாடி எழுப்பினால் என்ன? ஆறு கட்டில், ஒரு சமையலறை, இரண்டு குளியலறை. கரண்டிக் காம்பால் தட்டில் கோடு போட்டுக் காட்டினார். நான் தட்டைப் பார்க்காமல் இவர் முகத்தைப் பார்த்தேன். சரி, பிடித்துக்கொண்டது. இனி விடாது.

பிப்ரவரி 4

தலையணை உறைக்குத் துணி வெட்டினேன். சுவரே இல்லாத அறைக்கு உறையா என்று இவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். தையல் மிஷினில் உட்கார்ந்தால்தான் எனக்கு மனசு ஒரு நிலைக்கு வரும்.

பிப்ரவரி 11

கமிட்டிக் கூட்டம். தேநீர் கொடுக்கிற சாக்கில் நானும் பின்னால் நின்றேன்.

எதிர்ப்பு மானேஜரிடமிருந்துதான் வரும் என்று தெரியும். வங்கியில் மானேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், சபையின் செயலாளர். இன்னும் சட்டைப் பையில் இரண்டு பேனா. நாற்காலி கோணலாகக் கிடந்தால் நேராக்கிவிட்டுத்தான் உட்காருவார். அவர் எழுந்ததும் எல்லோரும் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

முன்னால் இருந்த போதகர்களை ஒவ்வொருவராக எடுத்தார். ஒருவர் சுற்றுச்சுவர் ஆரம்பித்தார். தெற்குப் பக்கம் வந்ததும் மாற்றல். அடுத்தவர் வகுப்பறைக்குத் தூண் நட்டார். நான்கு தூணும் தலையில் துருப்பிடித்த கம்பியோடு இன்றைக்கும் நிற்கின்றன, எங்கள் வீட்டுத் துணி காய்வது அதில்தான். இன்னொருவர் மணிக்கோபுரத்துக்கு அஸ்திவாரம் போட்டார்; அதில் இப்போது புல் முளைத்திருக்கிறது. எல்லாம் உண்மை.

பிறகு சொன்னார்: “பாஸ்டர், நான் நோயாளிங்களுக்கு எதிரி இல்ல. உங்களை மாதிரி ஆளுங்களைக் கண்டாதான் எனக்குப் பயம். வருவீங்க, கனவு காணுவீங்க, கம்பியை நட்டுட்டு மாற்றலாகிப் போயிடுவீங்க. அதைப் பார்த்துக்கிட்டே கிடக்கப்போறது நாங்க.”

இவர் எழுந்து, “இது என் வேலை இல்லைங்க, ஆண்டவரோட வேலை. அவர் ஆரம்பிச்சிருந்தா அவரே முடிச்சுக்குவார்” என்றார்.

“போன பாஸ்டரும் இதையேதான் சொன்னார்.”

யாரோ இருமினார்கள். சிரிப்பை இருமலாக்கினது எனக்குத் தெரியாதா? கடைசியில் கை தூக்கச் சொன்னதும் பெண்கள் பக்கம் மொத்தமும் தூக்கிவிட்டது. தீர்மானம் நிறைவேறியது. மானேஜர் தோற்ற முகத்தோடு தன் நாற்காலியை நேராக்கி வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு அவர் மேல் கோபம். அவர் சொன்னதற்குப் பதில் இல்லாததால் இன்னும் கோபம்.

மார்ச் 2

வராந்தாவுக்கு ஒரு புது ஆள். பஸ்ஸில் கண்டக்டராக வேலை பார்த்தவர். கழுத்தில் கட்டி. வந்த முதல் நாளே குளியலறை வரிசையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். “உள்ள தள்ளி நில்லு, உள்ள தள்ளி நில்லு. இறங்குறவங்களுக்கு வழி விடு.” இவர் நுரையோடு வந்து நின்றதும், “பாஸ்டருக்கு முன் சீட்டு” என்று ஓர் இடம் முன்னால் விட்டார். ஒரே ஓர் இடம்தான். நேர்மையான நிர்வாகம். மகள் இன்று குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள்.

எல்லோருக்கும் கண்டக்டர் அக்கா. எனக்கும்.

மார்ச் 16

சுவர் இடுப்பளவு ஏறியிருக்கிறது. மேஸ்திரி நல்ல வேலைக்காரர், வாய்தான் ஓயாது. அக்கா கரண்ட் வைத்துவிட்டு வந்ததும் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மேலேயே பார்த்துக்கொண்டிருக்கிறார். எந்தப் பக்கம் ஜன்னல் என்று கேட்டார். கிழக்கே என்றேன். அப்படியானால் ஜன்னலோரக் கட்டில் எனக்கு என்றார். வாழ்நாளெல்லாம் நின்றே வேலை பார்த்தவராம். ஒரு தடவையாவது ஜன்னலோரம் உட்கார்ந்து போக வேண்டுமாம்.

மார்ச் 29

வேலையை நிறுத்திவிட்டார்கள்.

நகராட்சியிலிருந்து டேப்போடு வந்து அளந்தார்கள். மாடிப்படி சந்துக்குள் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கிறதாம். புகார் கொடுத்தது மானேஜர். மறைக்கவே இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, அதில் ஒரு பிரதியை எங்கள் வீட்டிலும் கொண்டுவந்து தந்தார். “முதுகுக்குப் பின்னாடி செஞ்சேன்னு இருக்கக் கூடாது பாருங்க.” எதிரியாக இருந்தாலும் ஒழுங்கான எதிரி.

இவர் அவரை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். நான் அடுப்படியிலிருந்து வெளியே வரவே இல்லை. வந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் 10

இவருக்குத் தூக்கமில்லை. எனக்கு இவரைத் தூங்க வைத்து மாளவில்லை. பகலில் எல்லோரிடமும் “ஆண்டவர் முடிப்பார்” என்கிறார். படுக்கையில் திரும்பித் திரும்பிப் படுக்கிறார். அவர்தான் முடிப்பார் என்றால் நீங்கள் எதற்கு இப்படி உருளுகிறீர்கள் என்று கேட்டேன். “நம்பிக்கை இருக்கு. தூக்கம்தான் வரல” என்றார். பாவமாக இருந்தது.

ஏப்ரல் 27

படியை இடித்துத் திருப்பிக் கட்டியாயிற்று. அனுமதி வந்துவிட்டது. அக்கா முதல் சுற்று முடிந்து ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியிருக்கிறார். குரல் பாதியாகிவிட்டது. வரிசையில் இப்போது பேசுவதில்லை. கைப்பிடிச் சுவரில் காசால் தட்டுகிறார். ஒரு தட்டுக்கு நில், இரண்டு தட்டுக்குப் போ. எல்லோரும் கேட்கிறார்கள்.

மே 13

நாளை கூரைக்குக் கான்கிரீட். மேஸ்திரி எனக்கு ஒரு பாடமே நடத்தினார். “ஆரம்பிச்சா முடிச்சுட்டுத்தாம்மா இறங்கணும். பாதியில நின்னா பழசும் புதுசும் ஒட்டாது. அந்த இடத்துல காலத்துக்கும் ஒழுகும்.” அதனால் வெளிச்சம் வந்ததும் தொடங்கி இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும். சாயங்காலம் மழை வரலாம் என்பதால் இன்னும் சீக்கிரம்.

இவர் ஒரு யோசனையோடு வந்தார். ஆரம்ப ஜெபத்தை மானேஜரைச் செய்யச் சொல்லப் போகிறாராம். மனக்கசப்பு தீருமாம்.

வேண்டாம் என்றேன். அவர் ஜெபத்தின் நீளம் சபைக்கே தெரியும். “உனக்கு எல்லாரையும் சந்தேகம்” என்றார். ஆமாம், சந்தேகம்தான்.

மே 14

எழுதவே கை வரவில்லை. ஆனால் எழுதாமல் தூங்க முடியாது.

விடியும்போதே ஆட்கள் வந்துவிட்டார்கள். சாரத்தில் கீழிருந்து மேல்வரை வரிசையாக நின்றார்கள், சட்டியைக் கைமாற்றிக் கைமாற்றி ஏற்றுவதற்கு. கலவை மிஷின் சுற்றிக்கொண்டிருந்தது. மேஸ்திரி முதல் கலவையைப் போட்டே விட்டார். ஜெபம் என்றதும் மிஷினை நிறுத்தித் தலைத்துண்டை அவிழ்த்தார். நாங்கள் எல்லோரும் கண்ணை மூடினோம். இவர், “ஐயா, நீங்க ஜெபம் பண்ணுங்க” என்றார்.

மானேஜர் ஆரம்பித்தார். முதலில் சூரியனுக்கும் காற்றுக்கும் ஸ்தோத்திரம். பிறகு சபையை ஆரம்பித்தவர்களுக்கு. பிறகு... “சுற்றுச்சுவரைத் தொடங்கித் தெற்கே முடிக்காமல் போன உமது ஊழியருக்காக ஸ்தோத்திரம். நான்கு தூண்களை நட்டுவிட்டுப் போன உமது ஊழியருக்காக ஸ்தோத்திரம். அவற்றின் கம்பிகளுக்காகவும்...” கமிட்டியில் தோற்ற பேச்சு முழுவதையும் இங்கே ஆண்டவரிடம் பேசுகிறார். கமிட்டியிலாவது குறுக்கே பேசலாம். ஜெபத்தில் யார் குறுக்கே பேசுவது?

நான் ஒரு கண்ணைத் திறந்தேன். மேஸ்திரியும் ஒரு கண்ணைத் திறந்திருந்தார். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டோம். அவர் மிஷினைக் காட்டினார். உள்ளே கலவை இறுகுகிறது. நான் இவரைப் பார்த்தேன். இவர் கண் மூடியே இருந்தது, உதடு மட்டும் அசைந்தது. ஆமென் வரட்டும் என்று ஜெபித்திருப்பார். சாரத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். தெரு முனையில் ஆலைச் சங்கு ஊதியது. அவர் உலகத்தில் உள்ள ஆஸ்பத்திரிகளுக்காக ஜெபிக்கத் தொடங்கியிருந்தார்.

ஆமென் வந்தபோது வெயில் உச்சந்தலையைச் சுட்டது. முதல் கலவையை வழித்துக் கீழே கொட்டினார்கள். அதற்குப் பிறகு ஆட்கள் பேய் மாதிரி வேலை செய்தார்கள். பாதிக்குக் கொஞ்சம் மேல் முடிந்திருக்கும். வானம் திறந்துகொண்டது.

வராந்தாவில் இருந்த பெண்களும் ஓடிவந்து தார்ப்பாயைப் பிடித்தார்கள். அக்கா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார், தலையோடு நனைந்து. உள்ளே போங்கக்கா, போங்கக்கான்னு கத்தினேன். கேட்கவே இல்ல. எதிர் முனையைப் பிடித்திருந்தவர் மானேஜர். கண்ணாடியில் தண்ணீர் வழிய அவர் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார். மழை நிற்கவில்லை. இருட்டிவிட்டது. பாதிக் கூரையோடு இறங்கிவிட்டோம்.

ஜெபம் பண்ணியே கெடுத்துவிட்டாரே மனுஷன். இதை யாரிடம் போய்ச் சொல்வேன்? சொன்னால் சிரிப்பார்கள்.

மே 15

மேஸ்திரி பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஒட்டுகிற இடத்தை அகலமாக உடைத்தெடுத்துத்தான் மறுபடி போட வேண்டும். அவருடைய ஆட்கள் நாளையிலிருந்து வேறு கட்டடத்துக்குப் போகிறார்கள். அது முடிய மாதக்கணக்காகும் என்கிறார்.

இவர் சாமான் அறையில் உட்கார்ந்து பழைய கதவுகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

ஜூன் 6

கண்டக்டர் அக்காவுக்கு இரண்டாவது சுற்று முடிந்தது. ஊருக்குப் போகிறார். மழையில் நனைந்த காய்ச்சல் ஒரு வாரம் இருந்தது, போய்விட்டது. ஆனால் ஆள் இளைத்துப் பாதியாகிவிட்டார். பஸ் நிலையம்வரை நான் போனேன். பஸ் ஏறியதும் ஜன்னலோரம் உட்காரச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, கண்டக்டர் சீட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பழக்கதோஷம்.

ஆகஸ்டில் பரிசோதனைக்கு வருவாராம். ரூம் ரெடியா இருக்கணும் என்று என் காதருகில் வந்து சொன்னார். குரல் காற்றாகத்தான் வந்தது. இருக்கும் என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன்?

ஜூலை 8

தலைமை அலுவலகத்திலிருந்து ஃபோன். மாற்றல். ஆகஸ்ட் முதல் தேதி புது இடத்தில் இருக்க வேண்டும்.

ஜூலை 9

மானேஜர் சொன்னது அப்படியே நடந்துவிட்டது.

ஜூலை 13

அலுவலகத்துக்குப் போய் இன்னும் ஆறு மாதம் கேளுங்கள் என்று இவரிடம் சண்டை போட்டேன். இவர் ஏற்கனவே கேட்டிருக்கிறார். முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். என்னிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

“அப்ப இது ஆண்டவர் வேலையே இல்ல. நாமளா இழுத்துப் போட்டுக்கிட்டது” என்றேன்.

“அப்படி இருந்தா நின்னு போகட்டும்” என்றார். “அவர் வேலைன்னா, நான் போறதால நிக்காது.”

நல்லா இருக்கு பேச்சு. அப்ப நாம எதுக்கு? காலை முதல் சாயங்காலம்வரை இவர் தூக்கின செங்கல், நான் தைத்த உறை, மகள் குளிக்காமல் போன நாட்கள் – எல்லாம் எதற்கு? நாம் இல்லாமலே முடித்துக்கொள்வார் என்றால் எங்களை ஏன் கூப்பிட்டார்? கேட்டேன். இவர் பதில் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. மழுப்பாமல் கிடைக்கவில்லை என்றே சொன்னார்.

ஜூலை 20

கண்டக்டர் அக்கா போய்விட்டார். அவர் ஊர்க்காரப் பெண் ஒருத்தி கரண்ட் வைக்க வந்து சொன்னாள். போன வாரமாம்.

மழையில் நனைந்ததால் இல்லை, நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். இருக்கட்டும். கூரை முடிந்திருந்தாலும் போயிருப்பார். அதுவும் சரி. ஆனா ஒரு கட்டில்தானே கேட்டாங்க? ஜன்னலோரமா ஒரு கட்டில். அது உமக்கு அவ்வளவு கஷ்டமா? உமக்கு அவசரமே கிடையாதா ஆண்டவரே? முடிப்பீர், முடிப்பீர்னு இவர் ஊரெல்லாம் சொல்றார். யாருக்காக முடிப்பீர்? எப்ப?

இன்று ஜெபம் பண்ணவில்லை. இதையே ஜெபம் என்று எடுத்துக்கொள்வதானால் எடுத்துக்கொள்ளட்டும்.

ஜூலை 29

வீடு முழுக்க மூட்டை. நாளை மறுநாள் லாரி வருகிறது. சாயங்காலம் மானேஜர் வந்தார். இவர் கடைசிக் கூட்டத்துக்குப் போயிருந்தார், நான் மட்டும்தான். உட்காரச் சொன்னேன். எல்லா நாற்காலியையும் கட்டியாயிற்று. ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். பெட்டி கோணலாக இருந்தது, எழுந்து நேராக்கிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

நான் சொன்னேன்ல என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அதைச் சொல்லட்டும், நானும் கேட்கிறேன் என்று காத்திருந்தேன்.

அவர் மேஸ்திரியின் ஃபோன் நம்பரைக் கேட்டார்.

எதற்கு என்றேன். பெட்டியின் கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அந்தப் பாதிக் கூரையைத் தினமும் பார்த்துக்கிட்டு என்னால இருக்க முடியாதும்மா. சுவரையும் தூணையும் இத்தனை வருஷம் பார்த்தது போதும். முடிச்சுத் தொலைச்சிடறேன்.”

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆத்திரம். “அன்னிக்கு வேணும்னுதானே அவ்வளவு நேரம் ஜெபம் பண்ணீங்க?” என்று கேட்டுவிட்டேன். இரண்டரை மாதமாகத் தொண்டையில் நின்றது.

மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. “ஆரம்பிக்கும்போது வேணும்னுதான்” என்றார். “பாதிக்கு மேல எனக்கே அசிங்கமா இருந்துச்சு. ஆனா எப்படி நிறுத்துறதுன்னு தெரியல. எல்லாரும் கண்ணைத் திறப்பீங்களே, அந்த முகங்களை எப்படிப் பார்க்கிறதுன்னு... அதான் போய்க்கிட்டே இருந்தேன்.”

பிறகு, தார்ப்பாய் பிடித்த அந்த அம்மா ஆகஸ்டில்தானே வருவார் என்று கேட்டார். அக்கா போய்விட்டதைச் சொன்னேன். அவர் எழுந்து போய் வாசலில் நின்றார், முதுகைக் காட்டிக்கொண்டு. வெகுநேரம் நின்றார். நம்பரை எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இவர் வந்ததும் சொன்னேன். இவர் முதலில் சிரித்தார். பெட்டிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

ஆகஸ்ட் 1

புது வீடு. இரண்டு குளியலறை இருக்கிறது. மகள் ஒவ்வொன்றிலும் ஒரு தடவை குளித்தாள். எனக்கு இரண்டிலும் வேலையில்லை.

தலையணை உறைகளை அங்கே விட்டுவிட்டு வரவில்லை. துணிப் பெட்டியின் அடியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டேன். ஏன்? தெரியும். அந்த மனுஷர் கட்டி முடிக்கிற அறையில் என் உறை எதற்கு என்று நினைத்தேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன்.

செப்டம்பர் 17

ஆராதனை முடிந்து ஒருத்தர் இவரிடம் பழைய சபையில் ஏதோ பாதியில் நிற்கிறதாமே என்று கேட்டார். நடக்கிறது என்றார் இவர். யார் நடத்துகிறார்கள் என்றார் அவர். “எங்க செயலாளர்” என்று இவர் சொன்ன விதத்தில் பெருமை இருந்தது. இவருக்கு எப்படி முடிகிறது? எனக்கு வயிறு எரிகிறது. வேலை நடக்காமல் போய்விடுமோ என்று பயந்த காலம் போய், நாங்கள் இல்லாமல் நடக்கிறதே என்று எரிகிறது. இதற்கு என்ன பெயர் வைப்பது?

நவம்பர் 22

மேஸ்திரி ஃபோன் செய்தார். நேற்றுக் கூரை முடிந்துவிட்டதாம்.

ஒட்டுகிற இடத்தை உடைத்தெடுத்துச் சுத்தம் செய்யும்போது மானேஜர் கூடவே நின்று, ஒரு சல்லிக்கல்கூடத் தளர்ச்சியாக இருக்கக் கூடாது என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தாராம். “உயிரை எடுத்துட்டாரும்மா. பாஸ்டர் இருந்தா நான் பாதி நேரம் தேநீர் குடிச்சிருப்பேன்.” காலையில் எல்லோரும் கண்ணை மூடினார்களாம். மேஸ்திரி பயத்தில் மிஷினை நிறுத்தவே இல்லையாம். மானேஜர் ஜெபம் பண்ணினார்: “ஆண்டவரே, இன்னைக்கு முடியணும். ஆமென்.” கண்ணைத் திறப்பதற்குள் முதல் சட்டி மேலே போய்விட்டதாம்.

நான் சிரித்த சிரிப்பில் மகள் எழுந்து வந்து என்ன என்று கேட்டாள். சொன்னேன். அவளும் சிரித்தாள். பிறகு ஏனோ கண் நிறைந்துவிட்டது. அக்கா இருந்திருந்தால் சுவரில் இரண்டு தட்டு தட்டியிருப்பார்.

அவர் கோணல் நாற்காலியைச் சகிக்க முடியாத மனுஷர். அந்தக் குணத்தால்தான் எதிர்த்தார். அதே குணத்தால்தான் முடித்தார். நான் ஆண்டவராக இருந்திருந்தால் அவரை மாற்றிவிட்டு எங்களை அங்கேயே வைத்திருப்பேன். நான் ஆண்டவராக இல்லை. இவர் சொல்கிறபடி அது எல்லோருக்கும் நல்லது.

நவம்பர் 24

உறைகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, பார்சலில் அனுப்பினேன். அனுப்புனர் இடத்தில் சபையின் பெயரை மட்டும் எழுதினேன்.

மார்ச் 7

நேற்று அங்கேதான் தங்கினேன்.

இங்கே சபையில் பால் கடைக்காரம்மாவுக்கு மார்பில் கட்டி. அறுவை முடிந்து கரண்ட் வைக்கச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் எழுதிக் கொடுத்தார்கள். துணைக்கு ஆளில்லை. முதல் வாரம் நான் கூட இருக்கிறேன் என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். மானேஜருக்குச் சொல்லி அனுப்பவில்லை. சொன்னால் தடபுடல் செய்வார், அல்லது செய்யமாட்டார். இரண்டையும் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

படி ஏறினேன். மேலே கதவருகில் நான் பார்த்தேயிராத ஒரு பெண் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஆறு கட்டில். ஐந்தில் ஆள். ஒருத்தி தூங்குகிறாள், ஒருத்தி தலை வாருகிறாள், வாருவதற்கு அதிகம் இல்லை. இரண்டு பேர் எதற்கோ மெதுவாகச் சண்டை போடுகிறார்கள். சமையலறையில் ஏதோ தாளிக்கிற சத்தம். குளியலறைக்கு வரிசையே இல்லை. யாரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்?

வெங்காயப் பெண் பால் கடைக்காரம்மாவை அழைத்துப் போய் ஆறாவது கட்டிலில் உட்காரவைத்தாள். தலையணையைத் தட்டிக் கொடுத்தாள். பிறகு என்னிடம் வந்தாள். “நீங்க யாரு?”

அந்த நேரம் பார்த்து மானேஜர் படியேறி வந்தார், கையில் குழாய்க்கு மாட்டும் வாஷரோடு. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். இவங்க யார் தெரியுமா என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தார். எனக்கு அந்த முகம் புரிந்தது. வருடம் முழுக்க நான் காத்திருந்த பேச்சு அதுதான். இந்த அறையைக் கனவு கண்டவங்க வீட்டம்மா, செங்கல் தூக்கினவங்க, உறை தைச்சவங்க. சொல்லட்டும் என்றுதான் முதலில் இருந்தது.

“நான் கூட வந்தவ” என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

மானேஜர் வாயை மூடிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

“கூட வந்தவங்களுக்குக் கட்டில் கிடையாதும்மா. பாய்தான்.”

“பாய் போதும்” என்றேன்.

அவரே போய் ஒரு பாயை எடுத்துவந்து, கட்டில்களுக்கு நடுவில் விரித்து, முனையைச் சுவரோடு நேராக்கிவிட்டுப் போனார். கீழே குழாயை யாரோ திறந்து மூடினார்கள். ஆறு பேரும் மூச்சு விடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை.